படகும் ரயிலும் பஸ்ஸும் சந்திக்கும் இடம்

நெடுந்தூரப் பிரயாணத்தை முடித்து வந்த ஒருவரைப் பார்த்து, வழியில் எது மிகவும் சிரமமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஓடுகின்ற ரயிலில் கழிந்த பத்து மணி நேரத்தைப் பற்றி அவர் பெரிதாகக் குறை கூறமாட்டார். ரயிலை விட்டு இறங்கிப் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் கழிந்த அரை மணி நேரத்தைப் பற்றியே கூறுவார். பெட்டியைச் சுமந்தது, குழந்தையை இடுக்கிக்கொண்டு நடந்தது, வழி தெரியாமல் விசாரித்தது, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியது, இவ்வளவும் பட்டுச் சென்று பார்த்தபோது பஸ் புறப்பட்டுப் போயிருந்தது என்று அடுக்கிக்கொண்டே போவார். பிழைப்பை நாடி அயல் மாநிலங்களில் குடியேறியிருக்கும் தமிழர்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம். பொங்கலுக்கோ, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ, முதியவர்களின் உடல்நலக் குறைவு கேட்டோ ஊருக்குப் புறப்படும் நமக்கு, ஒரே வண்டியில் ஏறி வீட்டு வாசலில் இறங்கும் பாக்கியம் அநேகமாக வாய்ப்பதில்லை. வண்டி மாறித்தான் ஆகவேண்டும்.

அவ்வாறு மாறும் இடத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதே இவ்வுரையில் நாம் ஆராயவிருக்கும் பொருள். பலவகை வாகனங்கள் ஒன்றுகூடும் நிலையத்தை ஆங்கிலத்தில் ‘ஹப்’ என்று வழங்குகிறார்கள். வண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள பகுதிக்கே அப்பெயர். நம் தச்சர்கள் அதனைக் குடம் என்பார்கள். ஆரக்கால்கள் யாவும் குடத்தில் வந்து பொருந்துகின்றன. கால்கள் எவ்வளவு வைரம் பாய்ந்த மரத்தால் ஆனவையாயினும், குடத்தில் அவை சரியாக இறங்காவிட்டால் சக்கரம் உருளாது. ரயில் வேகமாக ஓடலாம். பஸ் புதியதாக இருக்கலாம். படகு பாதுகாப்பானதாக இருக்கலாம். ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறுவது எளிதாக இல்லையெனில், அவ்வளவு வேகமும் புதுமையும் பாதி வழியிலேயே வீணாகிவிடுகின்றன.

நம்மவர்களில் பலருக்கும் அறிமுகமான மைசூர் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அந்நகரின் பழைய பகுதிகள் மொஹல்லா என்ற பெயரால் வழங்குகின்றன: லஷ்கர் மொஹல்லா, தேவராஜ மொஹல்லா, நஜர்பாத் மொஹல்லா, மண்டி மொஹல்லா. மொஹல்லா என்பது குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் உருதுச் சொல். மண்டி என்பதற்கோ நமக்கு விளக்கம் வேண்டுவதில்லை. அரிசி மண்டி, வெங்காய மண்டி, வெல்ல மண்டி என்று நம் ஊர்களிலும் மொத்த வியாபாரம் நடக்கும் இடத்துக்கு அதுவே பெயர். மண்டியின் வேலை யாது? பல ஊர்களிலிருந்து வரும் சரக்கை இறக்குவது, பிரிப்பது, வேறு வண்டிகளில் ஏற்றி அனுப்புவது. சரக்கு தேங்கினால் வியாபாரிக்கு நஷ்டம். ஆகையால் ஏற்றுவதும் இறக்குவதும் அருகருகே நடக்கும்படி அவர் பார்த்துக்கொள்கிறார். மூட்டைக்குச் செய்யப்படும் இந்த ஏற்பாடு மனிதர்க்கும் செய்யப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மைசூருக்கு ரயில் வந்தது 1882-ஆம் ஆண்டில். ரயில் நிலையம் நகரின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே செல்லும் இர்வின் சாலை, மண்டி மொஹல்லாவை ஒட்டி நகரின் நடுப்பகுதிக்குள் நுழைகிறது. நகருக்குள் ஓடும் பஸ்களுக்கான நிலையம் அரண்மனைக்கு அருகில், கிருஷ்ணராஜ சர்க்கிள் பக்கத்தில் இருக்கிறது. வெளியூர்களுக்குச் செல்லும் பஸ்கள் புறப்படும் புறநகர்ப் பஸ் நிலையமோ பெங்களூர்–நீலகிரி சாலையில் உள்ளது. ஆக, நிலையங்கள் மூன்றும் மூன்று இடங்களில் உள்ளன. இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெறுங்கையோடு நடப்பவருக்கு அது காலை உலாவைப் போன்றதுதான். இரண்டு பெட்டிகளோடும் வயது முதிர்ந்த தாயாரோடும் வருபவருக்கு அது வேறொரு பிரயாணம்.

இந்தச் சிறு தொலைவு எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கக்கூடும் என்பதற்கு உதகமண்டலம் செல்லும் வழியே சான்று. மைசூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதை சாமராஜநகரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் சத்தியமங்கலத்துக்கோ, மேட்டுப்பாளையத்துக்கோ ரயில் இல்லை. எனவே மைசூர் வரை ரயிலில் வந்து, நீலகிரிக்கோ கொங்கு நாட்டுக்கோ செல்ல விரும்புபவர் பஸ்ஸுக்கு மாறுவார். உதகைச் சாலை பண்டிப்பூர்க் காட்டின் ஊடே செல்வது. இரவில் யானையும் மானும் சாலையைக் கடக்கும்போது வாகனங்களில் அடிபடுவதைத் தடுக்கும் பொருட்டு, 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அங்கே போக்குவரத்துக்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட சில பஸ்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தடை நியாயமானதே. ஆனால் ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையே பத்து நிமிடம் தாமதித்து, மாலையின் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு, அந்தப் பத்து நிமிடம் ஓர் இரவாக நீண்டுவிடக்கூடும்.

இதிலிருந்து நாம் ஓர் உண்மையைப் பிரித்தறியலாம். வாகனம் மாறும் பிரயாணிக்கு முன்னே மூன்று இடைவெளிகள் உள்ளன. முதலாவது, இடத்தின் இடைவெளி: எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், எத்தனை படி ஏறவேண்டும் என்பது. இரண்டாவது, காலத்தின் இடைவெளி: ஒன்று வந்து சேர்ந்த பின் மற்றொன்று புறப்பட எவ்வளவு நேரம் ஆகும் என்பது. மூன்றாவது, சீட்டின் இடைவெளி: ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனியே வரிசையில் நின்று பணம் கொடுக்கவேண்டுமா என்பது. இம்மூன்றையும் குறைப்பதே இணைப்பு நிலையத்தின் பயன். அதன் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தபோதிலும், இந்த மூன்றும் குறையவில்லையெனில் அது மாடி வைத்த காத்திருப்புக் கூடமேயன்றி வேறில்லை.

இது புதிய தத்துவமன்று. தமிழ்நாட்டின் கோடியிலே, கடலும் கடலும் கலக்குமிடத்தில், நம் பாட்டனார் காலத்திலேயே இது நடைமுறையில் இருந்தது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ‘போட் மெயில்’ என்று மக்கள் அழைத்த வண்டி அது. தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் நீராவிக் கப்பலில் ஏறினார்கள். ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார்த் துறை. அங்கே கொழும்புக்குச் செல்லும் ரயில் காத்திருந்தது. சென்னையில் வாங்கிய சீட்டைக் கொண்டே கொழும்பு வரை செல்ல முடிந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களும் மண்டபம் முகாமில் தங்கி இவ்வழியே சென்றார்கள். இடம், காலம், சீட்டு ஆகிய மூன்று இடைவெளிகளும் அங்கே அடைக்கப்பட்டிருந்ததை நாம் கவனிக்கவேண்டும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் பிரயாணிகளோடு கடல் கொண்டது. அதன் பின் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பல் போக்குவரத்தும் 1980-களில் நின்றுபோயிற்று.

ஆனால் கடலைக் கடக்க வழி கண்ட அதே காலத்தில், சென்னை நகருக்குள் ஓர் இடைவெளி அடைக்கப்படாமல் கிடந்தது. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்த அகலப் பாதை வண்டிகள் சென்ட்ரலில் நின்றன. திருச்சி, மதுரை, திருநெல்வேலி செல்லும் மீட்டர் பாதை வண்டிகள் எழும்பூரிலிருந்து புறப்பட்டன. வடக்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தென் மாவட்டத் தமிழர், மூட்டை முடிச்சுகளோடு அவ்விரு நிலையங்களுக்கு இடையே அலைந்த அலைச்சலைப் பழையவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். 2018-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி மெட்ரோ ரயில் சென்ட்ரலையும் எழும்பூரையும் இணைத்தது. இன்று ஒன்றுக்கு அடுத்த நிலையம் மற்றொன்று. சில நிமிடத் தொலைவை இணைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

படகு, ரயில், பஸ் ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் இணைக்கும் முயற்சியை இன்று காணவேண்டுமாயின் நாம் கொச்சிக்குச் செல்லவேண்டும். மைசூரிலிருந்தும் கோவையிலிருந்தும் அது எட்டாத தொலைவில் இல்லை. காயலும் தீவுகளும் சூழ்ந்த அந்நகரில் படகு என்பது உல்லாசத்துக்கு உரியதன்று. பள்ளிக்கும் வேலைக்கும் செல்லும் அன்றாட வாகனம். துறைமுகத்தை ஆழப்படுத்த வாரிய மண்ணைக் கொண்டு உருவாக்கிய வில்லிங்டன் தீவில், ஒரு காலத்தில் கொச்சித் துறைமுக ரயில் நிலையம் சிறப்புற்று விளங்கியது. ரயிலை விட்டு இறங்கினால் அருகிலேயே படகுத்துறை. பெங்களூரிலிருந்து அங்கே சென்ற வண்டிக்கு அத்தீவின் காரணமாகவே ‘ஐலண்ட் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் ஏற்பட்டது. இன்று அவ்வண்டி தீவுக்குச் செல்வதில்லை. பெங்களூருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓடுகிறது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அத்தீவை அடுத்த வாத்துருத்தியில் தமிழ்த் தொழிலாளர்களின் குடியிருப்பு ஒன்று உள்ளது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

இப்போது கொச்சியின் குடமாக விளங்குவது வைற்றிலா. அங்கே 2011-ஆம் ஆண்டில் பெரியதொரு பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தொடக்கத்திலேயே பஸ்ஸுக்கு மட்டுமன்றி, ரயிலுக்கும் படகுக்கும் இடம் ஒதுக்கித் திட்டமிட்டார்கள் என்பது பாராட்டத்தக்கது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் மெட்ரோ ரயில் வைற்றிலாவுக்கு வந்தது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ‘வாட்டர் மெட்ரோ’ எனப்படும் நீர்வழிப் போக்குவரத்து தொடங்கியபோது, வைற்றிலாவிலிருந்து காக்கநாட்டுக்குப் படகு விடப்பட்டது. காக்கநாடு, கணினித் தொழில் நிறுவனங்களும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் உள்ள பகுதி. சாலை நெரிசலில் சிக்காமல் ஏறக்குறைய 25 நிமிடத்தில் அங்கே போய்ச் சேரலாம். வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குபவர், அதே வளாகத்துக்குள் நடந்து மெட்ரோ ரயிலிலும் ஏறலாம், படகிலும் ஏறலாம்.

படகுத்துறையின் அமைப்பை நாம் சற்று விளக்கமாகப் பார்ப்போம். காயலின் நீர்மட்டம் கடலின் ஏற்ற வற்றத்துக்கு ஏற்ப உயர்ந்தும் தாழ்ந்தும் வரும். கரையில் கல்லால் கட்டிய துறை அசையாமல் நிற்கும். ஆகவே பழைய துறைகளில், ஒரு வேளை படகு மேலே இருக்கும். ஒரு வேளை கீழே இருக்கும். இளைஞர்கள் தாவி ஏறிவிடுவார்கள். முதியவர்களும் கர்ப்பிணிகளும் பிறர் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சியஞ்சி ஏறவேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ வழியே இல்லை. புதிய துறைகளில் மிதக்கும் மேடை அமைத்திருக்கிறார்கள். நீர் உயர்ந்தால் மேடையும் உயர்கிறது. நீர் தாழ்ந்தால் மேடையும் தாழ்கிறது. படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருப்பதால், வீட்டுத் திண்ணையிலிருந்து கூடத்துக்குள் செல்வதுபோல் உள்ளே செல்லலாம்.

படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை. மின்கல அடுக்கின் விசையால் ஓடுகின்றன. துறையில் நிற்கும் சிறிது நேரத்திலேயே மின்னேற்றம் செய்துகொள்ளலாம். பெரிய படகில் 100 பேர் செல்லலாம். அதற்கு மேல் ஒருவரையும் ஏற்றாதபடி, நுழைவாயிலில் உள்ள கதவு ஒவ்வொருவராக எண்ணி உள்ளே விடுகிறது. இதனை வெறும் இயந்திர வேடிக்கை என்று எண்ணிவிடக்கூடாது. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோட்டைக் கொச்சிக்கு அருகே மீன்பிடிப் படகு ஒன்று மோதியதில், வைப்பினிலிருந்து வந்த பிரயாணிப் படகு மூழ்கிப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டு மே மாதம், மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். படகில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது எவ்வளவு எளிய காரியம்! அதைச் செய்யாமல் விடுவது எவ்வளவு கொடிய காரியம்!

சீட்டின் இடைவெளியை அடைப்பதற்கு ‘கொச்சி ஒன்’ என்னும் அட்டை பயன்படுகிறது. மெட்ரோ ரயிலுக்கும் படகுக்கும் அந்த ஒரே அட்டையைக் காட்டினால் போதும். சில்லறை தேட வேண்டுவதில்லை. மொழி தெரியாத ஊரில் சீட்டுக் கொடுப்பவரிடம் பேசத் திணற வேண்டுவதுமில்லை. புதிதாகக் குடியேறிய தொழிலாளிக்கு இது சிறு உதவியன்று.

வைற்றிலாவிலும் குறை இல்லாமலில்லை. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ நாம் செல்லும் நெடுந்தூர ரயில் வைற்றிலாவில் நிற்பதில்லை. எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கவேண்டும். ஆயினும் அங்கே எர்ணாகுளம் தெற்கு மெட்ரோ நிலையம் அருகில் இருக்கிறது. அதில் ஏறினால் மூன்றாவது நிலையம் வைற்றிலா. முற்றும் ஓரிடத்தில் அமைக்க முடியாதவற்றை, அடிக்கடி ஓடும் ஒரு வண்டியால் இணைத்துவிடலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கு ஹௌரா நிலையம் நன்கு தெரியும். ஹௌராவிலிருந்து முதல் ரயில் ஓடியது 1854-ஆம் ஆண்டில். நிலையத்துக்கு எதிரே ஹூக்ளி நதி, அதன் கரையில் படகுத்துறை, பக்கத்தில் பஸ்கள், 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய பாலம். அக்கரையில் அலுவலகங்கள் நிறைந்த பகுதிக்குச் செல்வோர் பாலத்து நெரிசலுக்கு அஞ்சிப் படகையே நாடுவதுண்டு. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நதியின் அடியில் குடைந்த சுரங்கத்தின் வழியே மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 520 மீட்டர் அகலமுள்ள நதியை அது ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. ஹௌராவை ஒருவர் உட்கார்ந்து வரைபடம் போட்டு ஒரே நாளில் அமைக்கவில்லை. ரயிலும் படகும் பஸ்ஸும் நதிக்கரையில் தாமே கூடின. பின்னால் வந்தவர்கள் அக்கூட்டத்தைக் கலைக்காமல் மேலும் ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவும் ஒரு நல்ல முறையே.

இதற்கு மாறான அனுபவமும் நமக்குண்டு. சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி மிகப் பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. கட்டடம் விசாலமானது, வசதிகள் பல உள்ளன. ஆனால் திறந்த நாளில் அதன் அருகே ரயில் நிலையம் இருக்கவில்லை. தென் மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கியவர்கள், நகருக்குள் செல்ல வேறு பஸ்ஸையோ, தொலைவிலுள்ள ரயில் நிலையத்தையோ தேடவேண்டியிருந்தது. குடத்தை முதலில் செய்து ஆரக்கால்களைப் பிறகு செதுக்கினால், இடைக்காலத்தில் வண்டியைத் தோளில் சுமப்பவர் பிரயாணியேயாவார்.

இனி மைசூரை மீண்டும் நோக்குவோம். அங்கே படகுக்கு இடமில்லை. காவிரி நகருக்குள் ஓடவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ரயிலும் பஸ்ஸும் மட்டுமே இணையவேண்டும். மூன்று நிலையங்களையும் இடித்து ஓரிடத்தில் கட்டவேண்டும் என்று எவரும் கூறமாட்டார். நெடுங்காலமாக அந்நிலையங்களை ஒட்டிக் கடைகளும் விடுதிகளும் மனிதர்களின் பிழைப்பும் வேரூன்றியிருக்கின்றன. ஆனால் சிறு செலவில் செய்யத்தக்கவை பல உண்டு. ரயில் வரும் நேரத்தை அனுசரித்து, நிலைய வாசலிலிருந்து இரு பஸ் நிலையங்களுக்கும் சுற்று பஸ் விடலாம். இர்வின் சாலையின் நடைபாதையை மேடுபள்ளமில்லாமல், கடைச் சரக்குகளும் வாகனங்களும் அடைக்காமல் காக்கலாம். மாலையில் நீலகிரிப் பக்கம் செல்லும் கடைசி பஸ் எப்போது புறப்படும் என்பதை ரயில் மேடையிலேயே எழுதிவைக்கலாம். நகர பஸ்கள் எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்பதைப் பலகையில் காட்டும் ஏற்பாட்டை மைசூர் 2012-ஆம் ஆண்டிலேயே செய்து பல நகரங்களுக்கு முன்னோடியாக நின்றது. ஆகையால் இது அந்நகருக்கு அரிய வித்தையன்று.

இவற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. அயல் மாநிலத்தில் இருக்கிறோம், நம் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுவது வழக்கம். அது சரியன்று. ரயில்வேயின் ஒவ்வொரு கோட்டத்திலும் பிரயாணிகளின் தேவைகளை எடுத்துரைப்பதற்கென்றே ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. தென்மேற்கு ரயில்வேயின் மைசூர்க் கோட்டத்திலும் உண்டு. தமிழ்ச் சங்கங்கள் விழாக்கள் நடத்துவதோடு நில்லாமல், இக்குழுக்களுக்கும் மாநிலப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் எழுதலாம். எழுதும்போது, வசதி போதவில்லை என்று பொதுப்படக் கூறுவதால் பயனில்லை. எந்த ரயில் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, இடையே எவ்வளவு தூரம், எத்தனை படி என்று அளந்து எழுதவேண்டும். அந்நகரத்து மக்களையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி சுமக்கும் சிரமத்தில் கன்னடர், தமிழர் என்ற வேறுபாடு கிடையாது. அவ்வாறு எழுதப்படும் ஒரு பக்கக் கடிதம், புதிய கட்டடம் ஒன்று எழும்பக் காத்திருப்பதைக் காட்டிலும் விரைவில் பலன் தரக்கூடும்.